ஒரே மின்வலு, ஏழு ஆண்டு இடைவெளி: கிளிநொச்சியில் ஒரு கிராபிக்ஸ் கார்ட் மாற்றம்

கிளிநொச்சியில் வீடு கட்டுவோருக்கு வரைபடமும் முப்பரிமாணப் படமும் செய்து கொடுப்பது எனது தொழில். காணி இங்கே இருக்கும். கட்டுவதற்குப் பணம் அனுப்புபவர் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருப்பார். அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே, விறாந்தையில் பின்னேர வெயில் எவ்வளவு தூரம் ஏறும், குசினி யன்னலால் பார்த்தால் கிணற்றடி தெரியுமா என்பவற்றை அவர் படத்தில் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார். இந்தப் படங்களை பிளெண்டர் மென்பொருளில், அதனுடன் வரும் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் (படமாக்கும்) இயந்திரத்தால் எடுக்கிறேன். ஒவ்வொரு ஒளிக்கதிரும் எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று கணக்கிட்டே சைக்கிள்ஸ் படத்தை உருவாக்குவதால், ஒரு படம் எத்தனை நிமிடத்தில் முடியும் என்பதைப் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்ட்தான் தீர்மானிக்கிறது.

இதுவரை என்னிடம் இருந்தது என்விடியா நிறுவனத்தின், 2016 இல் வெளிவந்த ஜி.ரி.எக்ஸ் 1060, 6 ஜிகாபைட் நினைவகம் கொண்ட வகை. அதை எடுத்துவிட்டு அதே நிறுவனத்தின், 2023 இல் வெளிவந்த ஆர்.ரி.எக்ஸ் 4060 கார்ட்டைப் போட்டிருக்கிறேன். ஒரு கார்ட் மாற்றத்தை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம், இந்த இரண்டுக்கும் வரையறுக்கப்பட்ட மின்வலு ஏறத்தாழ ஒன்றாக இருப்பதுதான்: பழையதற்கு 120 வாற், புதியதற்கு 115 வாற். மின்சாரத்தைக் கூடுதலாக ஊட்டி வேகத்தைக் கூட்டிய கார்ட்டுகள் பல உண்டு. அவற்றை ஒப்பிட்டால் எது சிப்பின் உள்ளமைப்பால் வந்த பலன், எது மின்சாரத்தால் வந்த பலன் என்று பிரித்தறிவது கடினம். இங்கே அந்தக் குழப்பம் இல்லை.

வன்னியில் இருப்பவருக்கு இந்தக் கேள்வி வெறும் ஆர்வத்துக்கானதல்ல. 230 வோல்ற் வரவேண்டிய இடத்தில், விளக்கு வைக்கும் நேரத்தில் என் கடையின் பிளக் பொயின்ற்றில் 200க்கும் கீழே வாசிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மின்சாரம் போனால் பற்றரியில் கணினியைத் தாங்கும் யூ.பி.எஸ். என்னிடமுள்ளது 650 வீ.ஏ. வகை, அது தாங்கக்கூடிய உண்மையான சுமை 400 வாற்றையும் எட்டாது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் அடிக்கும்போது கிறவல் வீதிப் புழுதி யன்னல் சீலையையும் தாண்டி வந்து கணினிக்குள் படியும், அறையின் வெப்பமோ பகலில் 34 பாகையை எளிதாகத் தொடும். ஆகவே எந்தக் கார்ட் அதிவேகமானது என்பதைவிட, நான் கொடுக்கக்கூடிய மின்சாரத்துக்குள் எது அதிக வேலை செய்யும் என்பதையே தேடினேன்.

வவுனியாவில் கார்ட் வாங்கப் போனபோது கடையில் நின்ற தம்பி நேர்மையாகவே ஒரு கேள்வி கேட்டார். "அண்ணை, உதிலை எட்டு ஜிகாபைட்தான் இருக்கு. முந்தின 3060 எடுத்தியள் எண்டால் பன்னிரண்டு கிடைக்கும். மெமறி குறைஞ்சதை ஏன் எடுக்கிறியள்?" அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. 2021 இல் வந்த ஆர்.ரி.எக்ஸ் 3060 கார்ட்டில் 12 ஜிகாபைட் நினைவகமும், நினைவகத் தரவு ஓட 192 பிற் அகலப் பாதையும், வினாடிக்கு 360 ஜிகாபைட் தரவோட்டமும் உண்டு. 4060 இல் இவை முறையே 8 ஜிகாபைட், 128 பிற், வினாடிக்கு 272 ஜிகாபைட். கடதாசியில் பார்த்தால் பின்னுக்குப் போனது போலத்தான் தெரியும். ஆனால் 3060 க்கு 170 வாற் வேண்டும். என் யூ.பி.எஸ்., என் பவர் சப்ளை, என் அறை ஆகிய மூன்றுக்கும் அந்த 55 வாற் வித்தியாசம் பெரியது. பெரிய காட்சிகளை, மேற்பரப்பில் ஒட்டும் பெரிய படங்களான ரெக்ஸ்சர்களோடு எடுப்பவர் நல்ல மின்சாரமும் வைத்திருந்தால் 3060 ஐ எடுப்பதைத் தவறென்று சொல்ல மாட்டேன். நினைவகம் பற்றிப் பின்னால் வருகிறேன்.

பழைய கார்ட்டைக் கழற்றுதல்

மின்சாரத்தைத் துண்டித்து, பவர் பொத்தானைச் சில வினாடி அழுத்தி மிச்ச மின்னேற்றத்தை வெளியேற்றிய பின்பு கணினியை முற்றத்துக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்தேன். காற்றாடியின் அலகுகளை விரலால் பிடித்துக்கொண்டுதான் புளோவரை அடிக்க வேண்டும்; பிடிக்காமல் அடித்தால் காற்றாடி அதன் அளவுக்கு மீறிச் சுழன்று பெயரிங் பழுதாகும், மோட்டார் மின்னையும் பிறப்பித்துக் கார்ட்டுக்குள் அனுப்பும். பிறகு கார்ட்டைத் தாங்கியிருக்கும் இரு திருகாணிகளையும் கழற்றி, மதர்போர்ட் சொக்கற்றின் நுனியிலுள்ள சிறிய கொளுக்கியைக் கீழே அமர்த்தி, கார்ட்டை நேராக மேலே இழுத்தெடுத்தேன். கொளுக்கியை அமர்த்தாமல் இழுத்துச் சொக்கற்றையே உடைத்தெடுத்துக்கொண்டு திருத்த வருபவர்கள் உண்டு.

பழைய கார்ட்டை இன்னொரு கணினிக்குப் பயன்படுத்த எண்ணியிருந்ததால் அதன் வெப்பந்தணிப்பானையும் கழற்றினேன். சிப்பின் வெப்பத்தைக் கடத்தும் பசையான தேர்மல் பேஸ்ற் காய்ந்து சாம்பல் நிறப் பொருக்காக இருந்தது. ஐசோபுரோப்பைல் அல்ககோல் நனைத்த துணியால் துடைத்ததும் சிப்பின் முகத்தில் ஜி.பி.106-400 என்ற இலக்கம் தெளிவாகத் தெரிந்தது. 200 சதுர மில்லிமீற்றர்ப் பரப்பு, 16 நனோமீற்றர்த் தொழில்நுட்பம், ஏறத்தாழ 440 கோடி டிரான்சிஸ்டர்கள். அதைச் சுற்றி ஆறு நினைவகச் சிப்புகள். ஒவ்வொன்றுக்கும் 32 பிற் பாதை என்பதால் ஆறும் சேர்ந்து 192 பிற். புதிய 4060 இன் சிப் ஏ.டி.107, அதன் பரப்பு 159 சதுர மில்லிமீற்றர்தான், ஆனால் சிப் தயாரிக்கும் நிறுவனமான ரி.எஸ்.எம்.சி.யின் 4என் தொழில்நுட்பத்தில் அதற்குள் 1,890 கோடி டிரான்சிஸ்டர்களை அடக்கியிருக்கிறார்கள். சுற்றிவர நான்கு நினைவகச் சிப்புகளே உள்ளன. ஒவ்வொன்றும் 2 ஜிகாபைட், ஆகமொத்தம் 8. பாதை ஏன் ஒடுங்கியது, நினைவகம் ஏன் எட்டோடு நின்றது என்ற இரு கேள்விகளுக்கும் விடை இந்த நான்கு சிப்புகளில் இருக்கிறது.

புதிய கார்ட்டைப் பொருத்துவதில் சிரமமில்லை. பழையதற்கு 6 முனை மின் இணைப்பு, புதியதற்கு 8 முனை. என் பவர் சப்ளையின் கம்பியில் 6உம் 2உமாகப் பிரிந்த தலை இருந்ததால் இரண்டையும் சேர்த்து அமர்த்தினேன். கார்ட்டின் அடிவிளிம்பைக் கவனித்தால் பொன்முலாம் பூசிய தொடுமுனைகள் பாதித் தூரம் வரைதான் இருக்கும். இந்தக் கார்ட், மதர்போர்ட்டோடு அதை இணைக்கும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸின் 16 தரவுத் தடங்களில் 8 தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. நான்காம் தலைமுறைத் தடங்கள் கொண்ட மதர்போர்ட்டில் அது பொருட்டல்ல. என்னுடையது இன்டெல்லின் எட்டாம் தலைமுறை ஐ5-8400 சி.பி.யூ. போட்ட, மூன்றாம் தலைமுறைத் தடங்கள் கொண்ட மதர்போர்ட். ஆகவே கார்ட்டுக்கும் கணினியின் ரெம் நினைவகத்துக்கும் இடையே வினாடிக்கு 8 ஜிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாகவே தரவு ஓடும்.

முதன்முறை இயக்கியபோது காற்றாடி சுழன்றது, திரையில் எதுவும் வரவில்லை. பழைய மதர்போர்ட்டில் புதிய கார்ட் போடும் பலருக்கு இது நேரும், கார்ட் பழுதென்று எண்ணித் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. கணினியைத் தொடக்கி வைக்கும் நிரலான என் பயோஸ் பழைய இயக்கமுறைக்கு இசைவான சி.எஸ்.எம். நிலையில் இருந்தது, இன்றைய கார்ட்டுகள் யூ.ஈ.எப்.ஐ. என்ற புதிய தொடக்க நிலையை எதிர்பார்க்கின்றன. மொனிற்றர் கம்பியை மதர்போர்ட்டின் உள்ளமைந்த கிராபிக்ஸுக்கு மாற்றி, பயோஸை அதன் கடைசிப் பதிப்புக்குக் கொண்டுவந்தேன். வின்டோஸ் நிறுவப்பட்ட டிஸ்க் எம்.பி.ஆர். என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்தால் சி.எஸ்.எம். ஐ நிறுத்தியதும் வின்டோஸ் எழும்பாது. அதனால் தரவுகளை வேறு டிஸ்க்கில் பிரதி எடுத்தபின், வின்டோஸுடனேயே வரும் எம்.பி.ஆர்.2ஜி.பி.ரி. கட்டளையால் டிஸ்க்கை ஜி.பி.ரி. என்ற புதிய முறைக்கு மாற்றி, அதன் பிறகே சி.எஸ்.எம். ஐ நிறுத்தினேன். இந்த ஒழுங்கு முக்கியம். பிறகு கார்ட்டை இயக்கும் மென்பொருளான பழைய ட்ரைவரை முழுதாக நீக்கிப் புதியதை நிறுவினேன்.

அளந்து பார்த்தது

சோதனைக்கு நான் எடுத்தது பரந்தன் பக்கம் கட்டவிருக்கும் ஒரு வீட்டின் வெளித்தோற்றம். ஓட்டுக்கூரை, முன் விறாந்தை, முற்றத்தில் ஒரு பெரிய மாமரம், வேலியோரம் பனை வரிசை. மரங்கள்தான் இந்தக் காட்சியின் பாரம். முப்பரிமாண உருவங்கள் எல்லாம் சிறு முக்கோணங்களால் ஆனவை. சுவரும் கூரையும் சில ஆயிரம் முக்கோணங்களில் முடிந்துவிடும், மாவிலைகளும் பனையோலைகளும் இலட்சக்கணக்கான முக்கோணங்களைக் கேட்கும். ஒரே பிளெண்டர் பதிப்பு, ஒரே அளவுப் படம், புள்ளிக்கு எடுக்கும் கதிர் மாதிரிகளின் (சாம்பிள்) ஒரே எண்ணிக்கை என்று வைத்து, சுவர்ப் பிளக்குக்கும் கணினிக்கும் இடையில் மின்வலு காட்டும் மீற்றரைச் செருகிக்கொண்டு அளந்தேன்.

பழைய கார்ட்டில் இந்தப் படம் முடிய முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட எடுத்தது. புதிய கார்ட்டில் ஏழு நிமிடத்துக்குள் முடிந்தது. இரு தடவையும் மீற்றர் 190 வாற்றை ஒட்டியே நின்றது. அப்படியானால் பழைய கார்ட்டில் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 0.15 யூனிற், புதியதில் 0.02 யூனிற்றுக்குச் சற்று மேல்.

இந்த ஏழு மடங்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்க்கலாம். பழைய பஸ்கால் தலைமுறைச் சிப்பில் 1,280 கியூடா கோர்கள் (கணக்குச் செய்யும் சிறு அலகுகள்), வரையறுத்த உச்ச வேகம் 1,708 மெகாஹேட்ஸ். புதிய ஏடா லவ்லேஸ் தலைமுறைச் சிப்பில் 3,072 கோர்கள், 2,460 மெகாஹேட்ஸ். ஒரு கோர் ஒரு துடிப்பில் ஒரு பெருக்கலையும் ஒரு கூட்டலையும் செய்யும் என்று வைத்துப் பெருக்கினால் முதலாவதுக்கு 4.4 டெராபுளொப்ஸ் (வினாடிக்கு 4.4 இலட்சம் கோடி கணக்குகள்), இரண்டாவதுக்கு 15.1, வித்தியாசம் மூன்றரை மடங்கு. நினைவகத் தரவோட்டமோ 192 இலிருந்து 272 ஜிகாபைட்டுக்கு, ஒன்றரை மடங்கு கூட இல்லை. கோர்களின் எண்ணிக்கையும் வேகமும் மட்டுமே காரணமென்றால் படம் பதின்மூன்று நிமிடமளவில் முடிந்திருக்க வேண்டும். மிச்சப் பாதி வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க பிளெண்டரிலேயே வழி இருக்கிறது. அமைப்புப் பக்கத்தில் கியூடா, ஒப்டிக்ஸ் என்ற இரு தெரிவுகள் உண்டு. கியூடா என்றால் கதிரைப் பின்தொடரும் வேலை முழுவதையும் பொதுக் கோர்களே நிரல் வழியாகச் செய்யும். ஒப்டிக்ஸ் என்றால் ஆர்.ரி. கோர் எனப்படும் தனி வன்பொருள் அலகுகளும் சேரும். பழைய கார்ட்டில் அத்தகைய அலகு கிடையாது என்பதால் அதன் நேரம் கியூடாவில் எடுத்தது. புதிய கார்ட்டையும் கியூடாவுக்கு மாற்றி அதே படத்தை ஓடவிட்டேன். பன்னிரண்டு நிமிடமளவில் முடிந்தது. கணக்கில் வந்த மூன்றரை மடங்கைவிடச் சற்று மேல். ஒப்டிக்ஸுக்குத் திருப்பியதும் மறுபடி ஏழு நிமிடத்துக்குள் வந்தது. கார்ட் ஒன்று, காட்சி ஒன்று, மின்சாரம் ஒன்று, ஆர்.ரி. கோர்களைத் திறந்ததும் மூடியதும் மட்டுமே மாற்றம். என் பார்வையில் இந்த முழு முயற்சியிலும் கிடைத்த மிகப் பயனுள்ள அளவீடு இதுதான், ஏனெனில் இதற்கு இரண்டாவது கார்ட் கூடத் தேவையில்லை. ஆர்.ரி.எக்ஸ் வகைக் கார்ட் வைத்திருக்கும் எவரும் தன் காட்சியில் இதைச் செய்து பார்க்கலாம்.

ஆர்.ரி. கோர் செய்யும் வேலை

ஒரு கதிர் காட்சிக்குள் புறப்பட்டதும் அது எந்த முக்கோணத்தில் முதலில் படுகிறது என்று கண்டறிய வேண்டும். இலட்சக்கணக்கான முக்கோணங்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பது நடவாத காரியம். அதனால் காட்சி முழுவதையும் ஒரு பெரிய பெட்டியாகவும், அதற்குள் சிறு பெட்டிகளாகவும், அவற்றுக்குள் இன்னும் சிறு பெட்டிகளாகவும் அடுக்கி வைக்கிறார்கள். ஒரு வீட்டைத் தேடுபவர் கிளிநொச்சி மாவட்டம், கண்டாவளைப் பிரதேச செயலகம், கிராம அலுவலர் பிரிவு, வீட்டிலக்கம் என்று இறங்கிப் போவது போல, கதிரும் தான் தொடாத பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டுத் தொட்ட பெட்டிக்குள் மட்டும் இறங்கும். பெட்டியைத் தொட்டதா, முக்கோணத்தைத் தொட்டதா என்ற இரு சோதனைகளே திரும்பத் திரும்ப நடக்கின்றன. பஸ்கால் சிப்பில் இவற்றைப் பொதுக் கோர்களே நிரலாக ஓட்டின. ஒரு கதிருக்கே ஆயிரக்கணக்கான கட்டளைகள் செலவாகும். 2018 இல் வந்த ரியூரிங் தலைமுறை இந்த இரு சோதனைகளையும் தனி வன்பொருளாக்கியது. பொதுக் கோர் கதிரை ஒப்படைத்துவிட்டு நிறம், ஒளி, பளபளப்பு ஆகியவற்றைக் கணக்கிடும் வேலையைப் பார்க்கலாம். விடை பின்னால் வரும். அடுத்து வந்த அம்பியரிலும் ஏடாவிலும் முக்கோணச் சோதனையின் வேகத்தை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கினார்கள். 4060 இல் இத்தகைய ஆர்.ரி. கோர்கள் 24 உண்டு.

என் காட்சியில் மாமரத்தை மறைத்துவிட்டுச் சுவரும் கூரையுமாக மட்டும் ஓட்டியபோது கியூடாவுக்கும் ஒப்டிக்ஸுக்கும் இடையிலான இடைவெளி நன்றாகச் சுருங்கியது. பெட்டிகளின் அடுக்கு ஆழமாக இருக்கும் இடத்தில்தான், அதாவது இலையும் ஓலையும் அடர்ந்த இடத்தில்தான், இந்த வன்பொருள் தன் பெறுமதியைக் காட்டுகிறது. மரமில்லாத முற்றத்தை வன்னியில் யாரும் படமாகக் கேட்பதில்லை என்பதால் எனக்கு இது பொருந்துகிறது.

பொதுக் கோர்களுக்குள்ளும் மாற்றம் உண்டு. பஸ்காலில் ஒரு கோர் ஒரு நேரத்தில் தசமக் கணக்கையோ முழுஎண் கணக்கையோதான் செய்யும். நினைவகத்தில் எந்த முகவரியைப் படிப்பது என்று கணக்கிடுவதெல்லாம் முழுஎண் வேலை, அது நடக்கும்போது தசமக் கணக்கு நிற்கும். ரியூரிங் இரண்டுக்கும் தனிப் பாதை கொடுத்தது. அம்பியர் அந்த முழுஎண் பாதையையும் தேவையானபோது தசமக் கணக்குச் செய்யும்படி ஆக்கியது, ஏடாவும் அவ்வாறே. அதனால் பெட்டியில் எழுதியிருக்கும் 3,072 என்ற எண்ணில் பாதிக் கோர்கள் இரு வேலைக்கும் பொதுவானவை என்பதை நினைவில் வைத்துத்தான் பழைய கார்ட்டின் எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

இன்னொரு சிக்கல், கதிர்கள் சிதறுவது. கிராபிக்ஸ் சிப், நூல் எனப்படும் கணக்கோட்டங்கள் 32 ஐ ஒரு கட்டாகச் சேர்த்து ஒரே கட்டளையை ஓட்டும். அருகருகே புறப்பட்ட 32 கதிர்களில் ஒன்று யன்னல் கண்ணாடியிலும் ஒன்று மாவிலையிலும் ஒன்று சாந்துச் சுவரிலும் பட்டால் மூன்றுக்கும் வெவ்வேறு நிரல் வேண்டும். ஒரு நிரல் ஓடும்போது மற்றக் கதிர்கள் சும்மா காத்திருக்கும். ஒரே பொருளில் பட்ட கதிர்களைத் தேடிச் சேர்த்துக் கட்டுகளை மறுபடி ஒழுங்குபடுத்தும் வசதியை ஏடா தலைமுறையில் வன்பொருளாகச் சேர்த்தார்கள். ஆயினும் மென்பொருள் அதைக் கேட்டு வாங்கினால்தான் பலன். சிப்பில் இருப்பது வேறு, நாம் பயன்படுத்தும் மென்பொருள் அதைத் தொடுவது வேறு. கார்ட் வாங்குவோர் இதைப் பிரித்து விசாரிக்க வேண்டும்.

ஒடுங்கிய பாதையும் பெருத்த கேஷும்

வவுனியாத் தம்பியின் கேள்விக்கு இங்கே வருகிறேன். நினைவகப் பாதையை 192 இலிருந்து 128 பிற்றாகக் குறைத்துவிட்டு எப்படி மூன்றரை மடங்கு கோர்த் திறனுக்குத் தரவு ஊட்டுகிறார்கள்? விடை எல்2 கேஷ், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறிய வேக நினைவகம். 1060 இன் சிப்புக்குள் அது 1.5 மெகாபைட், 4060 இல் 24 மெகாபைட், பதினாறு மடங்கு. திரும்பத் திரும்பத் தேவைப்படும் தரவு சிப்புக்குள்ளேயே தங்கிவிட்டால் வெளி நினைவகத்துக்குப் போகத் தேவையில்லை. நேரம் மிஞ்சுவது ஒரு பக்கம். சிப்பை விட்டு வெளியே போய் ஒரு தரவை எடுத்து வருவதற்கு ஆகும் மின்சாரம், உள்ளேயே எடுப்பதைவிடப் பல மடங்கு என்பது மற்றப் பக்கம். 115 வாற்றுக்குள் இந்த வேலை முடிவதற்கு இதற்கும் பெரிய பங்கு உண்டு. இவ்வழியில் முதலில் போனது என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏ.எம்.டி.; 2020 இல் அவர்களின் ஆர்.டி.என்.ஏ. 2 தலைமுறையின் பெரிய கார்ட்டுகள் 128 மெகாபைட் இன்பினிற்றி கேஷுடன் வந்தன.

கதிர்ப் பின்தொடரலுக்கு இது தனியாக உதவுகிறது. மேல்மட்டப் பெட்டிகளை ஏறத்தாழ எல்லாக் கதிர்களும் தொடும் என்பதால் அவை கேஷில் நிலைத்திருக்கும். கியூடாவில் மூன்றரை மடங்குக்கு மேல் கிடைத்த சிறு மிகைக்கு இதையும், மேலே சொன்ன முழுஎண் பாதையையும் காரணமாகக் கருதுகிறேன்.

ஆனால் கேஷ் பெரிதாக இருப்பதால் நினைவகம் பெரிதாகிவிடாது. இதைச் சோதிக்க அதே காட்சிக்குள் தளபாடங்களையும் உட்புற ரெக்ஸ்சர்களையும் நிரப்பி 8 ஜிகாபைட்டைத் தாண்டவிட்டேன். சைக்கிள்ஸ் நின்றுவிடவில்லை, மிஞ்சியதைக் கணினியின் ரெம்மில் வைத்துக்கொண்டு ஓடியது. நேரம்தான் பல மடங்கு கூடியது. கார்ட்டின் சொந்த நினைவகம் வினாடிக்கு 272 ஜிகாபைட் தரும். என் மதர்போர்ட்டின் 8 தடங்கள் வழியே வருவது 8 ஜிகாபைட்டுக்கும் குறைவு. இந்த முப்பத்து நான்கு மடங்கு வித்தியாசத்தை எந்தக் கேஷாலும் மறைக்க முடியாது. 8 ஜிகாபைட்டில் வேலை செய்பவர் காட்சியை மெலிதாக வைத்திருக்கப் பழக வேண்டும். 4096க்கு 4096 புள்ளி கொண்ட ஒரு ரெக்ஸ்சர், புள்ளிக்கு 4 பைட் வீதம் 64 மெகாபைட் பிடிக்கும். அதையே 2048க்குக் குறைத்தால் 16 மெகாபைட். தூரத்தில் தெரியும் வேலிக்கும் கூரை ஓட்டுக்கும் 2048 தாராளம். பனைகளை ஒவ்வொன்றாகப் பிரதி எடுக்காமல் ஒரே பனையின் தரவை எல்லா இடத்திலும் சுட்டும் இன்ஸ்ரன்ஸாக வைத்தால், நினைவகத்தில் ஒரு பனை மட்டுமே இருக்கும். இவ்விரண்டையும் செய்ததும் உட்புறக் காட்சியும் 8 ஜிகாபைட்டுக்குள் அடங்கியது.

படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கும் வேலையிலும் தலைமுறை வித்தியாசம் தெரிகிறது. பிளெண்டர் 4.1 முதல் ஓப்பன் இமேஜ் டீநொய்ஸ் என்ற இரைச்சல் நீக்கி கிராபிக்ஸ் கார்ட்டில் ஓடும். என்விடியா கார்ட்டுகளில் ஜி.ரி.எக்ஸ் 16 வரிசை முதற்கொண்டுதான் அதற்கு இடமுண்டு. 1060 இருந்தபோது அது சி.பி.யூ.வில் ஓடியதால் காட்சியைத் திருப்பிப் பார்க்கும்போதெல்லாம் திரை தயங்கும். இப்போது வாடிக்கையாளருடன் வட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே சுவர் நிறத்தை மாற்றிக் காட்ட முடிகிறது, அவரும் அப்போதே ஒரு முடிவுக்கு வருகிறார்.

வெப்பமும் யூ.பி.எஸ்.உம்

அறையின் வெப்பம் கூடிய பகலில், கார்ட்டின் மின்வலு எல்லையைக் குறைத்து வைத்தேன். பத்தில் ஒன்றுக்கு மேல் குறைத்தும் ரெண்டர் நேரம் சிறிதளவே கூடியது. சிப்பின் வேகத்தை இறக்கும்போது அதற்குத் தேவையான மின்னழுத்தமும் இறங்குகிறது. செலவாகும் வலு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு மாறுவதால், வேகத்தில் சிறிது விட்டுக்கொடுத்தால் மின்சாரத்தில் அதைவிட அதிகம் மிஞ்சும். சோளக காலத்துக்கு இதை நிலையான அமைப்பாகவே வைத்துக்கொள்ளப் போகிறேன். யூ.பி.எஸ்.ஐப் பொறுத்தவரை சுமையின் அளவு மட்டுமன்றி அலைவடிவமும் கவனிக்கப்பட வேண்டும். மலிவான யூ.பி.எஸ்.கள் பற்றரியில் ஓடும்போது உண்மையான சைன் அலையைத் தருவதில்லை, ஆக்டிவ் பி.எப்.சி. (மின்னோட்டத்தைச் சீராக்கும் சுற்று) உள்ள பவர் சப்ளைகள் சில அந்த அலையில் முழுச்சுமையோடு நின்றுவிடும். ரெண்டர் ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கிச் சோதித்தேன், என்னுடையது தாங்கியது. வாங்கிய அன்றே எவரும் இதைச் செய்து பார்த்துவிடுவது நல்லது.

2025 இல் வந்த பிளாக்வெல் தலைமுறையையும் விலை விசாரித்தே இம்முடிவுக்கு வந்தேன். ஆர்.ரி.எக்ஸ் 5060 இல் ஜி.டி.டி.ஆர்.7 என்ற வேகமான புதுவகை நினைவகம் வருவதால் அதே 128 பிற் பாதையில் வினாடிக்கு 448 ஜிகாபைட் ஓடுகிறது, எல்லாக் கோர்களும் முழுஎண், தசமம் இரண்டையும் செய்கின்றன. ஆனால் நினைவகம் மறுபடியும் 8 ஜிகாபைட், மின்வலு 145 வாற். 16 ஜிகாபைட் கொண்ட 5060 ரி.ஐ. எனக்கு மிகப் பிடித்திருந்தது. அதற்கு 180 வாற் வேண்டும். விளம்பரங்களில் புதிய தலைமுறைக்குச் சொல்லப்படும் மடங்குக் கணக்குகளில் பெரும்பகுதி விளையாட்டுகளில் இடைச்சட்டங்களை (பிரேம்களை) செயற்கையாக உருவாக்கிச் செருகும் வசதியைச் சேர்த்துச் சொல்லப்படுவது. சைக்கிள்ஸில் ஒரு படம் முடியும் நேரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. எங்களைப் போன்ற வேலைக்கு வாங்குவோர் கோர், கடிகார வேகம், கேஷ், நினைவக அளவு, வாற் ஆகிய ஐந்தையும் எழுதிவைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி.

பழைய 1060 ஐப் புது பேஸ்ற் தடவிப் பூட்டி, கடையில் வரைபடம் கீறப் பழகும் பெடியனின் கணினியில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பஸ்கால் தலைமுறைக்கு 580 வரிசை ட்ரைவர்களே கடைசி. அதன் பின் 2028 ஒக்ரோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும் என்று என்விடியா அறிவித்துவிட்டது. ஆகவே அந்தக் கணினியில் 580 வரிசையை நிறுவி, வின்டோஸ் தானாக வேறெதையும் மாற்றாதபடி நிறுத்தி வைத்திருக்கிறேன். இருபரிமாண வரைபடத்துக்கும் சிறிய மாதிரிகளுக்கும் அது இன்னும் தாராளமாகப் போதும்.